நாயின் மூளைக்கு வேலை: சோற்றுத் தட்டிலிருந்து தொடங்குங்கள்

அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் நாய்க்குக் காலையிலும் மாலையிலும் அரைமணி நேர நடை கிடைத்தாலும், எஞ்சிய பொழுதில் அதற்குச் செய்ய எதுவும் இருப்பதில்லை. செருப்பைக் கடிப்பது, லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் குரைப்பது, கதவைப் பிறாண்டுவது, முன்னங்காலை ஓயாமல் நக்குவது ஆகியவற்றில் பல, வேலையற்ற மூளை தானாகத் தேடிக்கொண்ட வேலைகளே. (நக்குவதற்குத் தோல் ஒவ்வாமையும் காரணமாகலாம் என்பதால், அதை முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.) இதற்கென விலையுயர்ந்த புதிர்ப் பொம்மைகளை வாங்க வேண்டியதில்லை. நாய் எப்படியும் சாப்பிடப் போகிறது, எப்படியும் வெளியே போகப் போகிறது. இவ்விரண்டும் நடக்கும் விதத்தை மாற்றினாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

முதலில் சாப்பாடு. தெருவில் வாழும் நாய் ஒவ்வொரு வாய் உணவையும் மோந்து, கிளறித்தான் பெறுகிறது. வீட்டு நாய்க்கோ ஒரு வேளை உணவு முழுவதும் தட்டில் வந்து விழுந்து இரண்டே நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. எனவே கடையில் வாங்கும் உலர் உணவைக் கொடுப்பவர்கள், அதில் பாதியைத் தட்டில் போடாமல் பால்கனியிலோ மொட்டைமாடியிலோ சுத்தமான தரையில் அள்ளித் தூவிவிடலாம். தூவிய இரண்டொரு நாளிலேயே நாய் தலையைத் தாழ்த்தி, வரிசைவரிசையாக மோந்து தேடத் தொடங்குவதைக் காணலாம். அடுத்து ஒரு பழைய துண்டை விரித்து, உணவுத் துணுக்குகளைப் பரப்பிச் சுருட்டி வையுங்கள். அது எளிதானதும் சுருட்டிய துண்டில் தளர்வாக ஒரு முடிச்சுப் போடுங்கள். துணியைக் கிழித்து விழுங்கும் பழக்கமுள்ள நாய்க்கு இந்த விளையாட்டு வேண்டாம்.

நம் வீட்டு இட்லித் தட்டும் இதற்கு மிகவும் பொருத்தமானது. பயன்பாட்டிலிருந்து ஒதுக்கிய, விளிம்பு கூர்மையில்லாத தட்டின் குழிகளில் சிலவற்றில் மட்டும் துணுக்குகளை இட்டு, எல்லாக் குழிகளையும் டென்னிஸ் பந்துகளால் மூடிவிட்டால், எந்தக் குழியில் உணவு இருக்கிறது என்பதை நாய் மூக்கால் கண்டறிந்து பந்தை உருட்டித் தள்ள வேண்டியிருக்கும். சோறும் கோழியும் சேர்த்து ஊட்டுபவர்களால் அதைத் தரையில் தூவ முடியாது. அவர்கள் வெந்த கோழித் துண்டுகளை மட்டும் தனியே எடுத்து வைத்துத் தேடலுக்குப் பயன்படுத்தலாம், அல்லது உள்ளே குழிவான ரப்பர்ப் பொம்மையில் தயிர்சாதத்தை அடைத்து ஃபிரீசரில் உறையவைத்துக் கொடுக்கலாம். நக்கியே உண்ண வேண்டியிருப்பதால் அது நெடுநேரம் நீடிக்கும். வெளியே கால் வைக்க முடியாத மே மாத நண்பகலுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. தேடலுக்குப் போகும் உணவை அன்றைய மொத்த அளவிலிருந்து கழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாய் பெருத்துவிடும். திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு, சாக்லேட், சமைத்த எலும்பு ஆகியவை எந்த வடிவிலும் கூடாது. தயிர்சாதத்தில் தாளிப்பும் உப்பும் வேண்டாம்.

உணவைத் தேடிப் பழகிய நாய்க்குத் 'தேடு' என்ற சொல்லைக் கற்பிப்பது எளிது. முதலில் அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துணுக்கை நாற்காலிக் காலடியில் வைத்துச் சொல்லைச் சொல்லுங்கள். தயங்காமல் போகத் தொடங்கியபின், நாயை அடுத்த அறையில் நிறுத்திவிட்டு, கதவிடுக்கு, அலமாரியின் கீழ்த்தட்டு, மடித்த பாய் என மறைவிடங்களைக் கடினமாக்கிக்கொண்டே போகலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால், ஒருவர் ஒளிந்துகொள்ள மற்றவர் நாயை அனுப்பும் ஒளிந்து விளையாட்டாகவும் இதை மாற்றலாம்.

மோப்பத்தை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மனிதருக்கு ஐம்பது, அறுபது லட்சம் மோப்ப உணர்விகள் என்றால், நாய்க்கு இருபது கோடிக்கும் மேல் என்று பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. நாய்களின் நடத்தையை ஆராயும் ஷார்லோட் டுரான்டன், அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் இருவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் மோப்பப் பயிற்சி செய்த நாய்கள், உணவு இருக்குமா இருக்காதா என்று உறுதியாகத் தெரியாத கிண்ணத்தை முன்பைவிட விரைவாக அணுகின; அதாவது, நல்லதே கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு அவற்றிடம் கூடியிருந்தது. உரிமையாளரை ஒட்டி நடக்கும் பயிற்சி பெற்ற நாய்களிடம் அம்மாற்றம் தென்படவில்லை. ஆகவே நடைப்பயிற்சியின்போது ஒவ்வொரு கம்பத்தடியிலும் கயிற்றை இழுத்து நாயை விரட்டாதீர்கள். அரைமணி நேர நடையில் பத்து நிமிடமாவது, நீளமான கயிற்றில், அது போகும் வழியில் நாம் பின்தொடர்ந்து போவதே சரி. குப்பையில் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்வதும், திரும்பியதும் காது மடல்களிலும் விரல் இடுக்குகளிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும் நம் பொறுப்பு.

சொற்களைக் கற்பிப்பதும் நல்ல மூளைப் பயிற்சிதான். அமெரிக்க உளவியலாளர் ஜான் பில்லி வளர்த்த சேஸர் என்ற பார்டர் கோலி இன நாய், 1022 பொருள்களின் பெயர்களைக் கற்றிருந்ததாக 2011இல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. நம் வீட்டு நாய்க்குப் பந்து, கயிறு, பொம்மை என்ற மூன்று பெயர்கள் தெரிந்தாலே ஒரு மழைநாள் மாலை இனிதாகக் கழியும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் நீட்டிக்க வேண்டாம். அப்பா 'உட்காரு' என்றும் மகள் 'சிட்' என்றும் சொல்லும் வீட்டில் நாய் குழம்புவது இயல்பு என்பதால், எந்தச் சொல் என்பதைக் குடும்பத்தினர் முதலிலேயே பேசி முடிவெடுத்துக்கொள்வது நல்லது.

எல்லா நாய்க்கும் ஒரே விளையாட்டு பிடிக்காது. பீகிள் மணிக்கணக்கில் மோந்துகொண்டிருக்கும்; லேப்ரடார் எதையாவது வாயில் கவ்விக் கொண்டுவரவே விரும்பும்; சிப்பிப்பாறை போன்ற வேட்டை நாயோ கண்ணால் கண்டு துரத்தும் இனம் என்பதால், கயிற்றின் நுனியில் கட்டிய துணியை இழுத்தோடி, இடையிடையே அதைப் பிடிக்கவும் விட வேண்டும். இரண்டு நாய்கள் இருந்தால் உணவு சார்ந்த விளையாட்டுகளைத் தனித்தனி அறைகளில் நடத்துங்கள். இல்லையேல் சண்டை நிச்சயம்.

நாய் பொருளைப் பார்த்துக் குரைத்தாலோ, தட்டையே கடித்தாலோ, விலகிச் சென்று கொட்டாவி விட்டாலோ, புதிர் கடினமாகிவிட்டது என்று பொருள். உடனே ஒரு படி எளிதாக்கி, அது வெற்றி பெற்றதும் நிறுத்திவிட வேண்டும். முதிய நாய்க்குக் கண்ணும் காதும் மங்கியபின்னும் மோப்பம் பெரும்பாலும் துணைநிற்கும் என்பதால், ஓட முடியாத வயதிலும் தூவிய உணவைத் தேடும் பயிற்சியைத் தொடரலாம். வழுக்காத பாயின் மேல் தூவினால் மூட்டுகளுக்கும் இதம். நேற்றுவரை ஆர்வமாகத் தேடிய நாய் இன்று உணவைச் சீண்டவே இல்லையென்றால், அதைச் சோம்பல் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.