முதலில் கப்பல், கடைசியில் கார்: ராக்கி மலையிலிருந்து அலாஸ்கா வரை ஒரு பயணத் திட்டம்

வடசென்னையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ரயிலும் கப்பலும் அதிசயமல்ல. பெரம்பூரில் பல வீடுகளில் ஒருவராவது ரயில்வேயில் இருந்திருப்பார். காசிமேட்டுப் பக்கம் போனால், வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களை எண்ணிக்கொண்டே ஒரு மாலைப் பொழுதைக் கழித்துவிடலாம். நம்மிடம் இல்லாதது மலைதான். பரங்கிமலையைப் பார்க்கவே ஊரின் மறுகோடிக்குப் போக வேண்டும். பிள்ளைகளைப் பார்க்கக் கனடாவுக்குச் செல்லும் நம் ஊர்ப் பெற்றோர் பலர் டொரண்டோவையும் நயாகராவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே நாட்டின் மேற்குப் பகுதியில் ராக்கி மலைத்தொடரைக் காரிலும் ரயிலிலும் கடந்து, வான்கூவரில் கப்பலேறி அலாஸ்காவின் பனியாறுகளைப் பார்த்து வரும் பயணத்தை எப்படித் திட்டமிடுவது என்பதை, அக்காவையும் அத்தானையும் அழைத்துக்கொண்டு நானும் என் மனைவியும் சென்றுவந்த அனுபவத்தோடு சேர்த்து எழுதுகிறேன்.

பயணம் செய்யும் வரிசையும் பதிவு செய்யும் வரிசையும் ஒன்றல்ல என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கால்கரியில் விமானத்தை விட்டு இறங்கி, காரில் ராக்கி மலையின் தேசியப் பூங்காக்களான பான்ஃப், ஜாஸ்பர் பகுதிகளைச் சுற்றி, பான்ஃபிலிருந்து ரயிலில் வான்கூவருக்கு வந்து, அங்கே கப்பலேறுவதுதான் பயண வரிசை. பதிவை இதற்கு நேர் தலைகீழாகச் செய்ய வேண்டும். கப்பல் குறிப்பிட்ட நாளில்தான் புறப்படும். பான்ஃபிலிருந்து வரும் ராக்கி மவுண்டனீர் என்ற சுற்றுலா ரயில் வாரத்தில் சில நாட்களே ஓடும். கார் எந்த நாளிலும் கிடைக்கும். ஆகவே அசைக்க முடியாததை முதலில் உறுதி செய்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி மற்றவற்றைப் பொருத்துங்கள். கார் சுற்றுக்கு ஆறு நாள், ரயிலுக்கு இரண்டு, வான்கூவரில் ஒன்று, கப்பலுக்கு ஏழு இரவுகள் என்று வைத்து, விமானப் பயணத்தையும் சேர்த்தால் பதினெட்டு நாட்கள் ஆகும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் விசா. கனடா விசா மட்டும் போதும் என்று நினைத்துப் பணம் கட்டிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அலாஸ்கா அமெரிக்காவின் மாநிலம். துறைமுகத்தில் இறங்காமல் அறையிலேயே இருந்துவிடுகிறேன் என்று சொன்னாலும், இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவரை அமெரிக்க விசா இல்லாமல் கப்பலில் ஏற்றமாட்டார்கள். அண்ணா சாலைத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நாள் கிடைப்பது நம் கையில் இல்லை என்பதால், அந்த விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்ட பிறகே கப்பலுக்கு முன்பணம் கட்டுவது நல்லது. கார் ஓட்டப் போகிறவர், தன் பகுதிக்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்களுக்கு அது தண்டையார்பேட்டை. வாடகைக் கார் நிறுவனங்கள் பெரும்பாலும் ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்பார்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை என் தேர்வு ஜூன் கடைசி வாரம் அல்லது செப்டம்பர் முதல் பாதி. ஜூன் தொடக்கம் வரையில்கூட பான்ஃப் பூங்காவின் லூயிஸ் ஏரி உறைந்திருப்பதுண்டு. பனியாறு அரைத்துக் கொண்டுவரும் மாவு போன்ற பாறைத்தூள் கலந்த பிறகுதான் படங்களில் காணும் அந்த நீலப்பச்சை நிறம் ஏறும். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் அதிகம், காட்டுத்தீப் புகையும் வரக்கூடும். 2024 ஜூலையில் ஜாஸ்பர் நகரத்தின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தீயில் அழிந்தது என்பதால், அங்கே தங்குமிடத்தை மிக முன்கூட்டியே பிடித்துவிட வேண்டும்.

கால்கரிக்கும் சென்னைக்கும் கோடைக்காலத்தில் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். அதாவது பகல் இரவாகிவிடும். வந்திறங்கிய அன்றே காரை எடுக்காமல், ஓர் இரவு தூங்கி எழுந்து மறுநாள் பான்ஃபுக்குப் புறப்படுங்கள்; 130 கிலோமீட்டருக்குள்தான் தூரம். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். அது அரைமணியில் பழகிவிடுகிறது, பழகாதது கைதான். மாருதி காரில் பழகிய எனக்கு இண்டிகேட்டர் ஸ்டியரிங்கின் வலப்புறத்தில் இருக்க வேண்டும், அங்கோ அது இடப்புறம். முதல் இரண்டு நாட்களும் ஒவ்வொரு திருப்பத்திலும் வெயிலடிக்கும் கண்ணாடியை வைப்பர் துடைத்துக்கொண்டிருந்தது. சிவப்பு எண்கோணப் பலகை உள்ள நாற்சந்தியில் யாருமே இல்லாவிட்டாலும் சக்கரம் முழுதாக நின்ற பிறகே நகர வேண்டும்; முதலில் வந்து நின்றவருக்கே முதல் வழி. மூலக்கொத்தளத்தில் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இது ஒரு தவம்.

லூயிஸ் ஏரியிலிருந்து ஜாஸ்பர் வரை செல்லும் ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே என்ற சாலை 232 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்தில் கடந்துவிடலாம் என்று வரைபடம் காட்டும். முழுப் பகலையும் அதற்கே ஒதுக்குங்கள். வழியின் பெரும்பகுதியில் கைப்பேசி சிக்னல் கிடையாது என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்ள வேண்டும். பெட்ரோலுக்கு இடையில் சஸ்காட்சுவான் கிராஸிங் என்ற ஒரே இடம்தான், அதுவும் குளிர்காலத்தில் திறந்திருக்காது. அங்கே நிரப்பாமல் தாண்டிவிட்டு, ஜாஸ்பருக்கு நாற்பது கிலோமீட்டர் இருக்கும்போது எரிந்த மஞ்சள் விளக்கைப் பார்த்தபடி நாங்கள் நால்வரும் ஏ.சி.யை அணைத்துவிட்டுப் பேச்சையும் நிறுத்திக்கொண்டோம். சாலையின் நடுப்பகுதியில் அதபாஸ்கா பனியாறு வரும். அதன் விளிம்பை நோக்கி நடக்கும் பாதையில், எந்த ஆண்டில் பனி எதுவரை இருந்தது என்று காட்டும் பலகைகளை நட்டிருக்கிறார்கள். 1982 என்ற பலகையருகே நின்றபோது, 'நம்ம கல்யாணத்தப்ப ஐஸ் இங்க இருந்திருக்கு' என்றார் அத்தான். பனியைக் காண அதன் பிறகும் வெகுதூரம் மேலே பார்க்க வேண்டியிருந்தது. நூற்றாண்டுக்கு மேலான காலத்தில் அது ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருக்கிறது. கயிற்று வேலியைத் தாண்டிப் பனிமேல் கால்வைக்காதீர்கள். மேற்பரப்புக்கு அடியில் ஆழமான பிளவுகள் உண்டு. வழியில் கரடி தென்பட்டால் 100 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும் என்பது பூங்காவின் விதி. லூயிஸ் ஏரிக்கு அருகிலுள்ள மொரெய்ன் ஏரிக்குத் தனியார் கார்களை, வாடகைக் காரானாலும், 2023 முதல் அனுமதிப்பதில்லை. ஷட்டில் பேருந்துக்கு முன்பதிவு வேண்டும்.

ரயிலில் இரண்டு வகை உண்டு. வியா ரயில் நிறுவனத்தின் வண்டி ஜாஸ்பர் வழியாக இரவிலும் ஓடும். கட்டணம் குறைவு, ஆனால் மலையில் ஒரு பகுதியை இருட்டில் இழக்க நேரிடும். ராக்கி மவுண்டனீர் பகலில் மட்டும் ஓடி, இரவில் பயணிகளைக் காம்லூப்ஸில் விடுதியில் தங்கவைத்து, மறுநாள் வான்கூவருக்குக் கொண்டுசேர்க்கும். முழுப் பயணத்திலும் நாளொன்றுக்கு ஆகும் செலவில் இதுவே அதிகம் என்றாலும், மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல. மிச்சம் பிடிக்க நினைத்தால் மாடிப்பெட்டியான கோல்ட்லீஃபை விட்டுவிட்டு சில்வர்லீஃபில் ஏறலாம். சன்னலுக்கு வெளியே இருக்கும் மலை இரண்டுக்கும் ஒன்றுதான்.

பான்ஃபிலிருந்து புறப்பட்ட சில மணி நேரத்தில் கிக்கிங் ஹார்ஸ் கணவாய் வரும். தொடக்கத்தில் இங்கே தண்டவாளம் 4.5 விழுக்காடு சரிவில் இறங்கியது. 1884இல் கட்டுமான ரயில் ஒன்று பிரேக் பிடிக்காமல் ஓடி மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். ஊட்டி மலைரயிலில் போனவர்களுக்குப் பல்சக்கரம் நினைவிருக்கும். இங்கே அதற்குப் பதிலாக, 1909இல் மலைக்குள் சுருள்வடிவில் இரண்டு சுரங்கங்களைக் குடைந்து, பாதையை நீட்டிச் சரிவைப் பாதியாகக் குறைத்தார்கள். நீண்ட சரக்கு ரயில் அதில் நுழையும்போது, இன்ஜின் வெளியே வந்து, இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கும் தன் வாலையே மேலிருந்தோ கீழிருந்தோ பார்க்கும். இந்த மலைப்பாதையின் கடைசி ஆணி கிரெய்கெலாச்சியில் அடிக்கப்பட்டது 1885 நவம்பர் 7 அன்று. நம் ராயபுரத்திலிருந்து 1856இலேயே ரயில் புறப்பட்டுவிட்டது என்பதைச் சக பயணிகளிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

இந்த ரயிலைப் பற்றிய முக்கியமான எச்சரிக்கை நேரம் குறித்தது. கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் வண்டி ஓரமாக நின்று எக்ஸ்பிரஸுக்கு வழிவிடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கனடாவிலோ தண்டவாளம் சரக்கு ரயில் நிறுவனங்களுடையது. பயணிகள் வண்டிதான் ஒதுங்கி நிற்க வேண்டும். எனவே ரயில் வான்கூவரைச் சேரும் மறுநாளே கப்பல் என்று வைக்காமல், இடையில் ஒரு முழு நாளை விடுங்கள். ரயில் தாமதமானால் தூக்கம் போகும். கப்பல் தவறினால் ஏழு நாள் பணமும் போகும்.

கப்பலில் எந்த நிறுவனம் என்பதைவிட, வழித்தடத்தில் அலாஸ்காவின் பனியாற்று விரிகுடாவான கிளேசியர் பே இருக்கிறதா என்பதே முக்கியம். நாளொன்றுக்கு இரண்டு பெரிய சொகுசுக் கப்பல்களுக்கு மட்டுமே அங்கே அனுமதி என்பதால், எல்லாக் கப்பலும் போவதில்லை. பால்கனி அறைக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. பனியாற்றின் முன்னால் கப்பல் நின்று மெதுவாகத் திரும்பும், மேல்தளத்திலிருந்து எல்லாருக்கும் தெரியும். இடி போன்ற ஓசை கேட்ட பிறகு திரும்பிப் பார்த்தால் பனிப்பாளம் விழுந்து முடிந்திருக்கும். கண்ணைப் பனிச்சுவரிலிருந்து எடுக்காமல் நிற்க வேண்டும். ஜூலையிலும் அங்கே காற்று குளிரும். குல்லாயும் கையுறையும் கைப்பையிலேயே இருக்கட்டும். கடல் ஒத்துக்கொள்ளுமோ என்று அஞ்சுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: காசிமேட்டில் கருங்கல் தடுப்புக்கு உள்ளே தண்ணீர் எப்படி அடங்கிக் கிடக்கிறதோ, அப்படித்தான் கப்பல் செல்லும் இன்சைட் பாசேஜ் என்ற கடல்வழியின் பெரும்பகுதி, வெளியே உள்ள தீவுகள் அலையை வாங்கிக்கொள்கின்றன. இருந்தாலும் நடுக்கப்பலில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். சைவம் என்றால் ரயிலுக்கும் கப்பலுக்கும் பதிவின்போதே தெரிவிக்க வேண்டும். ரைஸ் குக்கர், மின்கெட்டில் எதையும் கப்பலில் அனுமதிக்கமாட்டார்கள்.

அலாஸ்காவின் துறைமுகமான ஸ்காக்வேயில் இறங்கியதும் ஒயிட் பாஸ் மலைரயிலில் ஏறுங்கள். தங்க வேட்டைக் காலத்தில், 1898இல் தொடங்கி 1900இல் முடித்த மூன்றடி அகலப் பாதை அது. ஏறும்போது இடப்புறச் சன்னல் நல்லது. அலாஸ்கா நேரம் வான்கூவரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது; கரையிறங்குமுன் கப்பலில் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறார்கள் என்று கேட்டுக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் கப்பல் காலையிலேயே வான்கூவரை அடைந்தாலும், வரிசையில் நின்று வெளியே வரப் பத்து மணியாகிவிடலாம். விமானத்தைப் பிற்பகலுக்கு மேல் வையுங்கள். பெரிய பெட்டிகளை முந்தைய இரவே அறை வாசலில் வைத்துவிட வேண்டும், காலையில் கரையில்தான் அவை திரும்பக் கிடைக்கும். பாஸ்போர்ட், மாத்திரை, மறுநாள் உடுத்த வேண்டிய துணி ஆகியவற்றைத் தனியே எடுத்துவைத்த பிறகு பெட்டியைப் பூட்டுங்கள். எங்கள் அக்கா மூக்குக்கண்ணாடியையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, கடைசி நாள் காலை உணவில் எது இட்லி மாதிரி இருக்கிறது என்று என்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.