‘சும்மாதானுங்க இருக்கறேன்’ என்பவரிடம் வேலைக் கணக்குக் கேட்பது எப்படி?

1981 பிப்ரவரியில் கோவை மாவட்டம் சோமனூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு வாத்தியார் வந்தார். எனக்குப் பத்து வயது. நான்கு தறி ஓடுகிற வீடு, கத்தித்தான் பேச வேண்டும். அப்பாவைக் கேட்டு ‘தறி’ என்று எழுதிக்கொண்டார். அம்மாவிடம், “நீங்க வேலைக்குப் போறீங்களாம்மா?” என்றார். “நான் சும்மாதானுங்க இருக்கறேன்” என்றார் அம்மா. சொல்லும்போது அவர் கை தார் சுற்றிக்கொண்டிருந்தது. தார் என்றால் தறியின் நாடாவுக்குள் வைக்கக் குச்சியில் சுற்றிய ஊடை நூல். மடி நிறையக் காலித் தார்க்குச்சிகள். வாத்தியார் ‘வீட்டு வேலை’ என்று குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் பொருளாதாரம் படித்து, கல்லூரியில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்திவிட்டேன். நான் செய்த ஆய்வெல்லாம் அந்த ஒரு பதிலைச் சுற்றியேதான். கள ஆய்வுக்குப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு பல்லடம், அவிநாசி, சென்னிமலை என்று கிளம்பும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

“வேலைக்குப் போறீங்களா?” என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊரில் ‘வேலைக்குப் போறது’ என்றால் வாசல் தாண்டிப் போய்ச் சம்பளம் வாங்குவது. 1996இல் என் முனைவர் பட்டத்துக்காகப் பல்லடம் பக்கம் முதல் நாற்பது வீடுகளில் நானே இப்படிக் கேட்டேன். ராத்திரி படிவங்களைத் தரையில் பரப்பிப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாப் பெண்களும் 92. அரசு நடத்தும் தேசிய மாதிரி ஆய்வின் குறியீட்டில் 92 என்றால் வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர். உழைப்பாளர் கணக்கில் வரமாட்டார். குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவுபவருக்கு 21, அவர் உழைப்பாளர். என் அம்மா மாதிரிப் பெண்கள் அத்தனை பேரையும் நானே 92 ஆக்கியிருந்தேன். அன்றைக்கு அழுதேன். மறுநாளே கிளம்பி அந்த நாற்பது வீட்டுக்கும் திரும்பப் போனேன்.

இரண்டாம் முறை கேட்டது இப்படி: “நேத்து கோழி கூப்பிட எந்திரிச்சதுலருந்து என்னென்ன செஞ்சீங்க?” அவ்வளவுதான். நேற்று என்று கேளுங்கள். ‘வழக்கமாக’ என்று கேட்டால் ஒன்றிரண்டு வேலையோடு நின்றுவிடும். அரசு 2019இல் நாடு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்விலும் அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை, அரைமணி அரைமணியாகத்தான் எழுதினார்கள். வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிட்டது சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். ஆனால் நம் கிராமத்தில் கடிகாரத்தை வைத்துக் கேட்டால் பதில் தடுமாறும். பால் வண்டி வருவதற்கு முன்னா பின்னா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போன பிறகா, பொழுதோடவா (சாயங்காலமா) என்று கேளுங்கள். மணியை நீங்கள் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம்.

அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) நடந்த பேச்சு இன்னும் என் நோட்டில் இருக்கிறது.

“மாட்டுக்குத் தண்ணி காட்டறது யாருங்கம்மா?”

“நாந்தான் கண்ணு.”

“சோளத்தட்டு அறுத்துப் போடறது?”

“அதும் நாந்தான்.”

“பால் கறக்கறது?”

“வேற யாரு வருவா?”

“சொசைட்டில பால் அட்டை யாரு பேர்ல இருக்குதுங்க?”

“அது அவுங்க பேர்ல.”

‘பால் வியாபாரம் யார் செய்கிறார்கள்’ என்று ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தால் கடைசிப் பதில் மட்டும்தான் கிடைத்திருக்கும். அதனால் தொழிலைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கேளுங்கள்.

வீட்டு ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர்களே பதில் சொல்லிவிடுவார்கள், கெட்ட எண்ணத்தில் இல்லை, பழக்கம். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் திண்ணையில் நூல் விலை, கரண்ட் பில் பற்றிப் பேசட்டும். இன்னொருவர், பெண்ணாக இருந்தால் நல்லது, அந்த அம்மா வேலை செய்யும் இடத்திலேயே போய் உட்காரட்டும். திருப்பூரில் சனிக்கிழமை பொழுதோட போகாதீர்கள். சம்பள நாள், ஒருவரும் நின்று பேசமாட்டார்கள். ஞாயிறு காலையும் துணி துவைப்பதில் போய்விடும். மத்தியானத்துக்கு மேல் போங்கள்.

பனியன் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வீட்டில் வைத்துப் பிசிறு வெட்டுபவர்களிடம் எத்தனை மணி நேரம் என்று கேட்பதில் பலனில்லை. எத்தனை டஜன், டஜனுக்கு எவ்வளவு, கூட யார் உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள். பிறகு அவர் வெட்டும்போது பக்கத்தில் இருந்து ஒரு டஜனுக்கு ஆகும் நேரத்தை எடுங்கள். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு வெட்டினால் இரண்டையும் எழுத வேண்டும். பிள்ளை தூங்கிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், மதிப்புப் போடுவது. என் வாய்மொழித் தேர்வில் ஒரு பெரியவர், “அடுப்படிப் பேச்சு பொருளாதாரம் ஆகுமா?” என்று கேட்டார். தார் இல்லாவிட்டால் தறி நின்றுவிடும், பக்கத்துத் தறிக் குடோனில் தார் போட ஆள் வைத்துக் கூலி கொடுக்கிறார்கள், அந்தக் கூலிதான் இந்த அம்மாவின் உழைப்புக்கு நான் போட்ட விலை என்று சொன்னேன். நீங்களும் அப்படியே செய்யலாம்: அதே ஊரில் அதே வேலைக்குக் கூலியாளுக்கு என்ன தருகிறார்களோ, அதை எடுங்கள். சென்னைக் கூலியைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள்.

2023இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கிளாடியா கோல்டினுக்கு நோபல் பரிசு கிடைத்த அன்று வகுப்பில் எனக்குக் குரல் உடைந்துவிட்டது. அமெரிக்காவின் பழைய கணக்கெடுப்புகளில் மணமான பெண்ணின் தொழில் ‘மனைவி’ என்று எழுதப்பட்டு, பண்ணையிலும் குடும்பத் தொழிலிலும் அவர்கள் செய்த வேலை விடுபட்டுப் போனதை அவர் தோண்டியெடுத்துத் திருத்தியிருந்தார். அது எங்கள் தறி வீட்டுக் கதையேதான்.

படிவங்களைப் பட்டம் வாங்கியதும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஜூடித் ஹேயர் என்ற பொருளாதார அறிஞர் 1981-82இல் கோவை மாவட்டக் கிராமங்களில் ஆய்வு செய்துவிட்டு, 1996இல் அதே ஊர்களுக்குத் திரும்பி வந்து, விவசாயக் கூலிகளின் வாழ்வில் என்ன மாறியது என்று பார்த்தார். ஊர், தெரு, வீட்டு அடையாளம் எல்லாம் பத்திரமாக இருந்தால்தான் அப்படித் திரும்பிப் போக முடியும். ஆனால் நீங்கள் எழுதி வெளியிடும்போது அந்த வீட்டார் பெயர் வரக் கூடாது.

1991இல் கணக்கெடுப்புக் கேள்வியையே மாற்றினார்கள். நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ கூலியில்லாமல் செய்த வேலையும் சேர்த்தி என்று அதில் எழுதியிருந்தது. அந்த முறை நான் அம்மா பக்கத்தில் நின்றேன். வந்தவர் அவசரத்தில் பாதியோடு நிறுத்தப் பார்த்தார். முழுசாகப் படியுங்கள் என்று கேட்டுக்கொண்டேன், படித்தார். அம்மா தறிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, “தார் போடறதெல்லாம் வேலைல சேர்த்திங்களா?” என்றார். “ஆமாங்கம்மா” என்று சொல்லி எழுதிக்கொண்டார். உங்கள் படிவத்திலும் அந்த வரி இருக்கும். ஒரு வீட்டிலும் அதைப் படிக்காமல் தாண்டாதீர்கள்.