படிக்கட்டுக்கு எவர்சில்வர் கைப்பிடி: முன்பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

மலேசியாவின் பந்திங் பக்கத் தாமான் (குடியிருப்பு) வீடுகளில் மாடிக்குக் கைப்பிடி போடுகிறவர்கள் பெரும்பாலும் பளபளப்பைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். புதிதில் எல்லா ரகமும் ஒரே மாதிரிதான் மின்னும். கேட்க வேண்டியது ரக எண்.

201 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். விலை மலிவு, ஆனால் மழை படும் இடத்தில் சீக்கிரமே பழுப்புப் புள்ளி விழும். வீட்டுக்குள் இருக்கும் படிக்கும், கடலுக்குத் தொலைவான பால்கனிக்கும் 304 போதும். மோரிப் கடற்கரையை ஒட்டிய வீடு என்றால் 316 போடுங்கள். உப்புக்காற்றைத் தாங்க அதில் சுமார் 2 விழுக்காடு மாலிப்டினம் இருக்கிறது. காந்தத்தை நம்ப வேண்டாம், 201 குழாயிலும் அது பெரும்பாலும் ஒட்டாது. மாங்கனீஸ் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டால் 201 சிவக்கும். கைப்பிடி செய்து தரும் கிரில் கடைக்காரரையே உங்கள் கண்முன் விட்டுக் காட்டச் சொல்லுங்கள். ரகமும் கனமும் விலைப்பட்டியலில் எழுத்தில் இருக்கட்டும்.

மேல் குழாய் 2 அங்குலம், கனம் 1.5 மி.மீ. என்று கேளுங்கள். கைப்பிடியைத் தாங்கும் கால்களுக்கிடையே 4 அடிக்கு மேல் போனால் சாயும்போது ஆடும். கம்பிகளின் இடைவெளி 100 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், குழந்தையின் தலை நுழையக் கூடாது. படுக்கைக் கம்பி பார்க்க அழகுதான், பிள்ளைகளுக்கோ அது ஏணி. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நெடுக்குக் கம்பியே போடுங்கள். உயரம் படியில் 900 மி.மீ., பால்கனியில் குறைந்தது 1 மீட்டர். நகராண்மைக் கழக விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலரும் பார்க்காமல் விடுவது காலின் அடியை. தரையோடு ஒட்டியிருக்கும் வட்ட மூடியைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே அடித்தட்டும் போல்ட்டுகளும் தெரிய வேண்டும். வெறும் சிலிக்கான் பசை தெரிந்தால் வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். போல்ட் டைல்ஸைத் தாண்டி கான்கிரீட்டுக்குள் இரண்டரை அங்குலமாவது இறங்கணும், அதுவும் ஸ்டெயின்லெஸ்ஸாகவே இருக்கணும். சாதாரண இரும்பு போல்ட் துருவேறி, மழைக்குப் பின் டைல்ஸில் பழுப்புக் கோடாக வழியும்.

துரு முதலில் வருவது வெல்டிங் ஓரத்தில். சூட்டில் நீலமும் பழுப்புமாக நிறம் மாறிய இடம் காப்புப் படலத்தை இழந்த இடம். அதை வெல்டிங் கறை நீக்கும் மருந்து பூசிக் கழுவியோ முழுதாகத் தேய்த்தோ நீக்க வேண்டும். பக்கத்திலேயே இரும்பு கேட்டைக் கிரைண்டரில் அறுத்தால் தெறிக்கும் பொறி குழாயில் ஒட்டி, நல்ல 304-ஐயும் துருப்பிடித்ததுபோல் காட்டும். எல்லாவற்றையும்விடக் கெடுதல், டைல்ஸ் கறை போக்கும் ஆசிட். அதன் ஆவியே போதும், புதுக் குழாய் சில நாளில் மங்கிப் புள்ளி விழுந்துவிடும். ஆகவே டைல்ஸ் வேலை முடிந்து, ஆசிட் கழுவி, தரை நன்றாக அலசிக் காய்ந்த பிறகே கைப்பிடியை ஏற்றச் சொல்லுங்கள்.