நாடு கொதிக்கும்போது போனை எங்கே வைப்பது?

2022 மார்ச் 31, இலங்கையில் பொருளாதார நெருக்கடி முற்றின நேரம். 13 மணித்தியாலக் கரண்ட் கட். கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருப்பது நாலாம் மாடி. லிஃப்ட் ஓடாது, மோட்டர் ஓடாததால் குழாயில் தண்ணியும் வராது. போனில் மிஞ்சினது 20 வீதம் சார்ஜ். அதை மிச்சம் பிடிக்க நிற்பாட்டி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். வெக்கை, நுளம்பு எல்லாம் இருந்தும் அன்றிரவு நல்ல நித்திரை. போன் பக்கத்தில் இல்லாததுதான் காரணம் என்று விளங்க எனக்கு இன்னும் ஒரு கிழமை எடுத்தது.

ஏப்ரல் 3, ஊரடங்குக்கு நடுவே அரசாங்கமே வட்ஸ்அப்பையும் பேஸ்புக்கையும் முடக்கினது. அது அநியாயம், அதைப் பாராட்ட மாட்டேன். மற்றவன் பூட்டுவதும் நானே பூட்டுவதும் ஒன்றில்லை. ஆனபடியால் நீங்களே பூட்டுங்கள். காலைத் தேத்தண்ணியோடு ஒருக்கா, பின்னேரம் ஆறு மணிக்கு ஒருக்கா செய்தி பாருங்கள், போதும். இரவு எட்டுக்குப் பிறகு வேண்டவே வேண்டாம். போன் சார்ஜ் ஏறுவது குசினியில், கட்டிலுக்குப் பக்கத்தில் இல்லை. விடிய எழும்ப ஒரு அலாரம் மணிக்கூடு வாங்குங்கள். குடும்பக் குறூப்பை விட்டு விலகினால் பெரியப்பா கோவிப்பார், மியூட் பண்ணினால் அவருக்குத் தெரியவே வராது.

அந்த நாட்களில் பெற்றோல் கப்பல் வந்ததாக எத்தனை மெசேஜ்! இப்போது எதைக் கண்டாலும் "ஆர் கண்டது?" என்று அனுப்பினவரிடம் கேட்பேன். "கண்டவையாம்" என்று பதில் வந்தால் அதை மறந்துவிடுவேன், மற்றவருக்கு அனுப்பவும் மாட்டேன்.

மாமியின் பாடு வேறு. 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த ஆடிக் கலவரத்தை இதே வெள்ளவத்தையில் கண்டவா. ஊரடங்கு என்ற சொல் காதில் விழுந்தால் போதும், "கதவு பூட்டினதோ?" என்று விடியும்வரை கேட்பா. "ஒண்டும் நடக்காது மாமி" என்று நான் சொல்லச் சொல்ல அவவின் பயம் கூடினதே தவிரக் குறையவில்லை. கடைசியில் இரண்டு பேரும் நிலத்தில் இருந்துகொண்டு ஒரு பாக் அடுக்கினோம். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதியின் பிரதி, வங்கிப் புத்தகம், ஒரு கிழமைக்கான பிரஷர் குளிசை, டோர்ச், கொஞ்சம் சில்லறை நோட்டு. ஒவ்வொன்றையும் அவவே எண்ணி வைத்தா. சிப்பை இழுத்து மூடி, பாக்கைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுப் படுத்தா. அன்றைக்குக் கதவைப் பற்றிக் கேட்கவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் சமாதானம் சொல்லிக்கொண்டிராமல் பாக்கை எடுங்கள்.

என் கணவர் ஓட்டோ ஓட்டுகிறவர். பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் பாஸ் வந்து கிழமைக்கு 5 லீட்டர் என்று ஆகும்வரை, பெற்றோல் ஷெட் வரிசையில் இரவிரவாகக் கிடந்தார். நான் சாப்பாடு கொண்டுபோனால், எனக்குத்தான் நெஞ்சு படபடக்கும். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுவேன். பத்துத் தரம் செய்தால் படபடப்பு அடங்கும். வெளியே விடும் மூச்சுத்தான் நீளவேண்டும். முதலில் மாறிச் செய்து தலை சுற்றினதுதான் மிச்சம்.

இரண்டு கிழமையாக நித்திரையே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் இந்தக் கைவைத்தியம் காணாது. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். உயிரை விடுகிற எண்ணம் வந்தால் இரண்டு கிழமை பொறுக்கவே கூடாது, உடனே எடுங்கள்.

இன்னொன்று, அடுப்பு. காஸ் இல்லாமல் போனபோது கீழே முற்றத்தில் மூன்று கல் வைத்து, இரண்டாம் மாடிச் சிங்கள அக்காவும் நானும் சேர்ந்து சமைத்தோம். பருப்பு அவியும்வரை அரசியல் கதைப்பதில்லை என்று பேச்சு. ஜூலை 9, ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்த அன்று, அக்காவால் பொறுக்க முடியவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தா. நான் எட்டிப் பார்க்கிறதுக்குள் பருப்பு பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது. விறகும் ஈரம். ஊதி ஊதி, கண் எரிய எரிய, திரும்ப மூட்ட அரை மணித்தியாலம் போனது. மாளிகை நீச்சல் குளத்தில் ஆட்கள் குளித்த வீடியோவைச் சாப்பிட்டு முடித்துத்தான் பார்த்தோம்.