ஒடுங்கிய தாடைக்கு இம்ப்ளாண்ட்: ஊருக்குப் போய்ப் பல் வைக்க நினைப்பவர்களுக்கு

ஆடி, ஆவணி விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களின் திட்டத்தில் இப்போது நல்லூர்த் தேரோடு பல் வைத்தியமும் சேர்ந்துவிட்டது. சுவிஸிலோ கனடாவிலோ ஒரு பல்லுக்குக் கேட்கிற காசோடு யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ சென்னைக்கோ போனால் டிக்கெட் செலவையும் சமாளித்துவிடலாம் என்பது நம்மவர்கள் போடும் கணக்கு. அதில் பெரிய பிழையில்லை. ஆனால் தாடை எலும்பு ஒடுங்கியவர்களுக்கு ஒரு மாத வேலை என்று நினைத்தது எட்டு மாதமாக இழுபடலாம். அது டிக்கெட் போட முதலே தெரிய வேண்டிய விஷயம்.

பல்லைப் பிடுங்கிய இடத்தில் எலும்பு சும்மா இருப்பதில்லை. முதல் வருடத்திலேயே அகலத்தில் ஏறக்குறைய பாதி கரைந்துவிடும். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதத்தில் போய்விடும். கன்னப் பக்கச் சுவர்தான் முதலில் மெலியும். பத்து, பதினைந்து வருடமாகக் கழற்றிப் பூட்டும் பல்லோடு காலம் தள்ளியவர்களுக்கு எலும்பின் மேல்விளிம்பு கத்தி முனைபோல ஆகிவிடுவதும் உண்டு. நாக்கால் தடவிப் பார்த்து ‘எனக்கு நல்ல தடிப்பாகத்தான் இருக்கிறது’ என்று முடிவு கட்டாதீர்கள். அந்தத் தடிப்பு முரசின் (ஈறின்) தடிப்பாகவும் இருக்கலாம்.

கிளினிக்குகளோடு வாட்ஸ்அப்பில் பேசத் தொடங்கினால் முதலில் வந்து விழுவது இம்ப்ளாண்டின், அதாவது எலும்புக்குள் இறக்கிப் பல்லைத் தாங்க வைக்கும் உலோகத் திருகாணியின், மேற்பரப்பைப் பற்றிய புகழ்தான். எஸ்எல்ஏ சர்ஃபேஸ், ஆக்டிவ் சர்ஃபேஸ், ஆறு வாரத்தில் பல் என்று அடுக்குவார்கள். நானும் அதில் மயங்கியவன்தான். நல்ல மேற்பரப்பு காத்திருக்கும் நாட்களைக் குறைக்கும், அது உண்மை. எலும்பை ஒரு மில்லிமீட்டர்கூட அகலமாக்காது. அதனால் முதலில் அகலத்தைப் பேசுவோம்.

வழமையாக எடுக்கும் முழுத்தாடை எக்ஸ்ரே உயரத்தைத்தான் காட்டும். அகலம் தெரிய சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கான் வேண்டும். கணக்குச் சின்னதுதான். இம்ப்ளாண்டின் கன்னப் பக்கமும் நாக்குப் பக்கமும் குறைந்தது ஒவ்வொரு மில்லிமீட்டர் எலும்பு மிஞ்ச வேண்டும். கன்னப் பக்கம் ஒன்றரை, இரண்டு இருந்தால் நிம்மதி. 4.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள வழமையான இம்ப்ளாண்டுக்கு ஆகக் குறைந்தது 6.1 தேவை. 3.3 விட்டமுள்ள ஒடுக்கமானதற்கு 5.3 போதும். ஸ்கானில் 4 என்று வந்தால் எந்தக் கம்பனியின் மேற்பரப்பும் கைகொடுக்காது. எலும்புத் தூள் வைத்து வளர்க்க வேண்டும், அல்லது விளிம்பைப் பிளந்து விரிக்க வேண்டும். தூள் வைத்தால் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு மாதம் பொறுத்துத்தான் இம்ப்ளாண்ட் இறக்குவார்கள்.

சரி, அகலம் ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேற்பரப்புப் பேச்சுக்கு இங்கேதான் அர்த்தம் வருகிறது.

சுவீடன் ஆய்வாளர் பிரோனெமார்க் 1965இல் முதல் நோயாளிக்கு வைத்தது கடைச்சல் இயந்திரத்தில் கடைந்தெடுத்த, ஓரளவு வழவழப்பான டைட்டானியம். எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் மெதுவாக. கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் பொறுக்கச் சொன்னார்கள். பிறகு கரடுமுரடாக்கினால் எலும்பு வேகமாகப் பிடிக்கும் என்று கண்டு ஆளாளுக்கு ஒரு வழியில் போனார்கள். 1990களின் கடைசியில் சுவிஸின் பாசல் நகரக் கம்பனியான ஸ்ட்ராவ்மன் கொண்டுவந்த எஸ்எல்ஏ அதில் பெயர்பெற்றது. பெரிய துகள்களை வேகமாக அடித்துக் குழி விழுத்தி, சூடான அமிலத்தில் போட்டு அந்தக் குழிகளுக்குள் இன்னும் நுண்ணிய குழிகளை அரித்தெடுப்பார்கள். நல்ல எலும்பில் காத்திருப்பு ஆறு வாரமளவுக்குக் குறைந்தது. இன்று இந்தியாவிலும் இலங்கையிலும் நிறையப் பாவிக்கப்படும் கொரியாவின் ஓஸ்டெம் உட்படப் பல கம்பனிகள் செய்வது இதே துகள்-அமில வழியைத்தான். பாசலில் இருக்கும் தமிழர் சென்னைக்குப் போய் பாசல் கம்பனியின் திருகாணியை வாயில் பூட்டிக்கொண்டு திரும்புவதும் நடக்கிறது. ஏற்றுமதி இறக்குமதி நம் வாயாலும் நடக்கட்டும்!

அதன் அடுத்த படி, 2005இல் வந்த ஈரம் இழுக்கும் மேற்பரப்பு. காற்றுப் படாமல் உப்பு நீர்க் குப்பிக்குள் அடைத்து வரும். எனக்குக் கீழ்த்தாடையில் ஒரு முன்கடைவாய்ப் பல்லுக்கு இதைத்தான் வைத்தார்கள். எலும்பு 5.8, இம்ப்ளாண்ட் 3.3. முடிந்த பிறகு வைத்தியர் தன் போனில் எடுத்த வீடியோவைக் காட்டினார். குப்பியிலிருந்து எடுத்த கருஞ்சாம்பல் திருகாணியின் நுனி எலும்புக் குழியின் இரத்தத்தைத் தொடுகிறது. அவ்வளவுதான். இரத்தம் புரி புரியாக மேலே ஏறுகிறது, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல. உலர்ந்த மேற்பரப்பில் இப்படி ஏறாது. நல்ல எலும்பில் மூன்று, நான்கு வாரத்தில் பாரம் தாங்கும் என்று கம்பனி சொல்வது இந்த வகையைத்தான்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நோபல் பயோகேர் கம்பனியின் டையுனைட் மின்சாரத்தின் உதவியால் ஆக்சைடு படலத்தைத் தடிப்பாக்கி, நுண்துளைகளோடு செய்யப்படுவது. நல்ல பெயர் உண்டு. எலும்பின் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட்டை மேலே பூசியவையும் இருந்தன. எலும்பு விரைவாக ஒட்டும், ஆனால் பழைய தடித்த பூச்சுகள் காலப்போக்கில் உரிந்த கதைகள் இருப்பதால் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். கல்சியம் பொஸ்பேட் துகள் அடித்துக் கரடாக்கியவை விலை குறைந்த வரிசைகளில் கிடைக்கும், பாதகமில்லை.

இதில் எது சிறந்தது? மருத்துவ ஆதாரங்களை எடைபோடும் கோக்ரேன் அமைப்பு 2014இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நீண்டகால வெற்றியில் ஒரு வகை மற்றதைவிட மேல் என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. மாறாக, மிகவும் கரடான பழைய வகைகளைவிட வழவழப்பானவற்றில் கிருமித் தொற்றால் எலும்பு கரைவது குறைவு என்பதற்குக் கொஞ்சம் ஆதாரம் இருந்தது.

ஒடுங்கிய தாடைக்காரர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். உங்கள் கன்னப் பக்கச் சுவர் ஒரு மில்லிமீட்டர்தான். இரண்டு, மூன்று வருடத்தில் அது மெலிந்து இறங்கினால் கரடுமுரடான பகுதி முரசுக்குள் திறந்துவிடும். எலும்பு பற்றிக்கொள்ள உதவிய அதே குழிகளில் கிருமியும் குடியேறும், பிரஷ் அங்கே போகாது. அகலமான எலும்பு உள்ளவருக்கு மேற்பரப்பு ஒரு வசதி. நமக்கு அது வசதியும் ஆபத்தும். அதனால் ‘என்ன சர்ஃபேஸ்?’ என்பதோடு நிறுத்தாமல், ‘கரடு எந்த உயரத்தில் தொடங்குகிறது?’ என்றும் கேளுங்கள். சில இம்ப்ளாண்டுகளின் கழுத்தில் 1.8 அல்லது 2.8 மில்லிமீட்டர் வழவழப்பான வளையம் இருக்கும். அது முரசு மட்டத்தில் நிற்கும். முன்பல்லில் உலோகம் தெரியக்கூடும், கடைவாய்ப் பக்கம் அந்தக் கவலை குறைவு.

அதைவிட முக்கியம் உலோகம். 3.3ஐ 4.1ஓடு ஒப்பிட்டால், நீளம் ஒன்றாக இருக்க, எலும்பைத் தொடும் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. இம்ப்ளாண்டின் உலோகச் சுவரும் மெல்லிசாகிறது. ஒடுக்கமான இம்ப்ளாண்டில் உடைவு என்ற பயம் வருவது இதனால்தான். டைட்டானியத்தோடு சுமார் 15 சதவீதம் சிர்கோனியம் கலந்த உலோகம், ஸ்ட்ராவ்மன் இதை ரொக்சோலிட் என்று விற்கிறது, சுத்த டைட்டானியத்தைவிடப் பலமானது. என்னிடம் கேட்டால், 3.3க்குப் போகிறவர் காசைக் கூட்டிக் கொடுக்க வேண்டியது முதலில் உலோகத்துக்கு, அப்புறம்தான் மேற்பரப்புக்கு. பெரிய கடைவாய்ப் பல் இருந்த இடத்தில் தனியொரு 3.3ஐ வைத்துத் தருகிறேன் என்றால் இன்னொரு வைத்தியரிடமும் கேட்டுப் பாருங்கள்.

இனி நாட்கள். இறக்கிய அன்று இம்ப்ளாண்ட் உறுதியாக நிற்பது திருகாணி இறுக்கத்தால். பழைய எலும்பு தளர்ந்து புதிய எலும்பு வளர்ந்து பிடிக்கும் இடைவெளியில், ஏறக்குறைய மூன்றாவது வாரத்தையொட்டி, பிடிமானம் ஆகக் குறைவாக இருக்கும். நான்கு வார லீவில் வந்தவருக்கு அந்த வாரம் எதுவென்று பாருங்கள். தையல் பிரித்தாயிற்று, வீக்கம் வற்றிவிட்டது, நல்லூர்த் திருவிழா உச்சத்தில், வீதி நிறையக் கச்சான் கடை. வலியில்லாததால் பல் தயார் என்று தோன்றும். தயாரில்லை. கச்சானும் முறுக்கும் அந்தப் பக்கத்துக்குக் கிடையாது.

ஒடுங்கிய எலும்பில் மூன்றாம் வாரமே கிரவுனும் (மேலே தெரியும் பல்) பூட்டி அனுப்புகிறேன் என்ற பேச்சுக்கு நான் தலையாட்டமாட்டேன். இரண்டு பயணமாகப் பிரியுங்கள். லீவின் முதல் மூன்று நாளுக்குள் இறக்கிவிட்டால் தையல் பிரிப்பதற்கும் ஒருமுறை பார்ப்பதற்கும் நாள் கிடைக்கும். மார்கழி லீவுக்கோ தைப்பொங்கலுக்கோ வரும்போது கிரவுன். இறக்கிய அன்று உறுதியை அளக்கும் ஐஎஸ்க்யூ எண் எடுப்பார்களா என்றும் கேளுங்கள். ஒன்றிலிருந்து நூறு வரையான அளவு அது, 70க்கு மேல் என்றால் நல்லது. மேல்தாடையில் சைனஸ் பக்கம் எலும்பு ஏற்றினால் மூக்கைச் சிந்தக்கூடாது. விமானம் ஏறும் திகதியையும் வைத்தியரைக் கேட்டே போடுங்கள்.

ஸ்கானை இங்கே எடுத்திருந்தால் படத்தை மட்டும் அனுப்பாமல் முழுக் கோப்பையும் அனுப்புங்கள். கூடவே இப்படி எழுதலாம்: “வணக்கம் டொக்டர். எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் அகலம் இருக்கிறது? எந்தக் கம்பனி, எந்த மாடல், என்ன விட்டம், என்ன உலோகம் வைப்பீர்கள்? எலும்பு வைக்க வேண்டியிருக்குமா? அறுவையை யார் செய்வார், கிரவுனை யார் செய்வார்?” பதில் விலையோடு மட்டும் வந்தால் அடுத்த கிளினிக்கைப் பாருங்கள். பதிவு விவரம் கேட்பதிலும் கூச்சம் வேண்டாம். இலங்கையில் பல்வைத்தியர்கள் மருத்துவச் சபையிலும், தமிழ்நாட்டில் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலிலும் பதிந்திருக்க வேண்டும்.

நீங்களும் மறைக்காதீர்கள். எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒரு குளிசை போடும் அம்மாமார் அதைப் பல்வைத்தியரிடம் சொல்வதே இல்லை, ‘பல்லுக்கும் அதுக்கும் என்ன’ என்பார்கள். அந்த வகை மருந்து தாடை எலும்பு ஆறுவதைப் பாதிக்கக்கூடும். இரத்தம் உறையாமலிருக்கப் போடும் மருந்தையும், மூன்று மாதச் சராசரிச் சீனி எண்ணையும் சொல்லுங்கள். புகையும் வெற்றிலை பாக்கும் உள்ளவர்கள் அதையும்.

கடைசியாக ஸ்டிக்கர். என் மச்சானுக்கு ஊரில் ஒரு இடத்தில் வைத்த பல் ஒன்று மூன்றாம் வருடம் ஆடத் தொடங்கியது. உள்ளே இருக்கும் சின்னத் திருகாணி தளர்ந்திருக்கிறது, இறுக்கினால் போதும். ஆனால் சூரிச்சில் இருந்த பல்வைத்தியருக்கு அது எந்தக் கம்பனியென்று தெரியவில்லை. எக்ஸ்ரேயைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார், தட்டில் இருந்த சாவிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை. ஊரில் கேட்டால் பழைய பதிவு இல்லை என்றார்கள். ஐந்து நிமிட வேலைக்கு ஏழு வாரம் போயிற்று. ஒவ்வொரு இம்ப்ளாண்ட் பெட்டியிலும் மாடல் எண்ணும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஒட்டி இருக்கும். கதிரையை விட்டு எழும்ப முதல் அதைக் கேட்டு வாங்குங்கள், போனில் படமும் எடுங்கள். கிரவுன் பூட்டித் திரும்பிய மாதத்திலேயே இங்குள்ள பல்வைத்தியரிடம் அந்த இடத்தில் ஒரு சின்ன எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அடுத்த வருடம் எலும்பு இறங்கியிருக்கிறதா என்று பார்க்க, பக்கத்தில் வைத்து ஒப்பிட அது வேண்டும்.