ஹாலோவீன் இரவுக்குக் கறுப்புக் கண்ணாடி போன்ற மிட்டாய் ஆப்பிள் செய்யும் முறை

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் செப்டம்பரும் அக்டோபரும் ஆப்பிள் அறுவடை மாதங்கள். அக்டோபர் 31ஆம் தேதி வரும், பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீனோடு, சர்க்கரைப் பாகில் முக்கிய மிட்டாய் ஆப்பிள் ஒட்டிக்கொண்டதற்கு அந்த அறுவடைதான் முதற் காரணம். நியூ ஜெர்சியின் நியூவார்க் நகரில் மிட்டாய் செய்து விற்ற வில்லியம் கோல்ப் என்பவர், 1908இல் கிறிஸ்துமஸ் விற்பனைக்காகப் பட்டை மணமூட்டிய சிவப்புப் பாகைக் காய்ச்சி, அதில் ஆப்பிள்களை முக்கிக் கடையில் காட்சிக்கு வைத்தார் என்றும், வந்தவர்கள் அந்த ஆப்பிள்களையே விலைக்குக் கேட்டார்கள் என்றும் சொல்லப்படுகிறது. அந்தச் சிவப்பைக் கறுப்பாக மாற்றி, குச்சிக்குப் பதிலாக மரச்சுள்ளியைச் செருகினால், பார்த்தவுடன் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றும் ஹாலோவீன் ஆப்பிள் கிடைத்துவிடும்.

இதைச் செய்ய மிட்டாய்த் தொழில் தெரிந்திருக்க வேண்டும் என்று பலர் தயங்குகிறார்கள். கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சியவர்களுக்கு இதன் பாதி வேலை முன்பே தெரியும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, அதை எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’கென்று ஒலித்து, ஒடித்தால் படக்கென்று உடைகிற அந்த முற்றிய பதமே இதற்கும் வேண்டும். வெல்லத்துக்குப் பதிலாக வெள்ளைச் சர்க்கரை என்பது மட்டுமே வேறுபாடு.

தேவையானவை

சிறிய ஆப்பிள் 8, சர்க்கரை 3 கப் (600 கிராம்), நிறமற்ற கார்ன் சிரப் (சோளப் பாகு) அரை கப், தண்ணீர் முக்கால் கப், ஜெல் வகைக் கறுப்பு உணவு நிறம் 1 தேக்கரண்டி, விருப்பமிருந்தால் மிட்டாய்க்கென விற்கும் பட்டை எண்ணெய் சில துளிகள். பாத்திரம் அடிகனமானதாகவும், அகலத்தைவிட ஆழம் மிகுந்ததாகவும் இருக்கட்டும். ஆழம் இல்லாவிட்டால் கடைசி இரண்டு ஆப்பிள்களுக்குப் பாகு எட்டாது. மிட்டாய் தெர்மாமீட்டர் ஒன்றும், சிலிகோன் விரிப்பு அல்லது வெண்ணெய் தடவிய பேக்கிங் தாள் ஒன்றும் வேண்டும்.

ஆப்பிள் வகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சுவைக்காகக் கேட்டால் பச்சை நிற கிரானி ஸ்மித்தே என் தேர்வு. மேலோடு முழுவதும் வெறும் சர்க்கரை என்பதால், உள்ளே அதன் புளிப்பு இருந்தால்தான் இரண்டாவது கடியும் இனிக்கும். சதையும் கெட்டியானது, சூடான பாகில் முக்கினாலும் குழையாது. தோற்றத்துக்காகக் கேட்டால் அடர்சிவப்புத் தோலுடைய ஆப்பிளே சிறந்தது. கறுப்புப் பாகு முழுக்க ஒளியை மறைப்பதில்லை. மெல்லியதாகப் படிந்த இடங்களில் அடியிலிருக்கும் சிவப்புத் தெரிந்து, உறைந்த இரத்தம் போன்ற சாயல் வரும். எந்த வகையானாலும் உள்ளங்கைக்குள் அடங்கும் சிறிய பழமாகத் தேர்ந்தெடுங்கள். பெரிய பழத்தில் மேலோட்டைவிடச் சதையே மிகுந்துவிடும்.

முதல் வேலை: மெழுகை நீக்குதல்

கடையில் வாங்கும் ஆப்பிள்களின் மீது பெரும்பாலும் மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கும், அதன் மேல் பாகு பிடிக்காது. கொதிக்கும் தண்ணீரில் ஒரு கரண்டி வினிகர் சேர்த்து, ஒவ்வோர் ஆப்பிளையும் பத்து விநாடி முக்கி எடுத்து, சுத்தமான துணியால் அழுத்தித் துடையுங்கள். தோலின் பளபளப்பு மங்கிவிட்டால் மெழுகு போய்விட்டது என்று பொருள். பிறகு காம்பைத் திருகி எடுத்துவிட்டு, குறைந்தது இரண்டு மணி நேரம் அறை வெப்பத்தில் உலர விடுங்கள். முதல் ஆண்டு நான் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த ஆப்பிள்களை அப்படியே பாகில் முக்கினேன். குளிர்ந்த தோலில் பனித்த ஈரம் சூட்டில் ஆவியாகி, கண்ணாடி போல இருக்க வேண்டிய ஓடு முழுவதும் அம்மைக் கொப்புளம் போலக் குமிழ்கள் எழும்பிவிட்டன. ஓரிடத்தில் ஓடே தோலைவிட்டுக் கழன்று வந்தது. ஈரமும் மெழுகும் குளிர்ச்சியும்தான் இந்தப் பண்டத்தின் மூன்று எதிரிகள்.

சுள்ளியைச் செருகுதல்

வாழையில் ஆணி இறங்குவது போல ஆப்பிளுக்குள் சுள்ளி இறங்காது. காம்பு இருந்த குழியில் கூர்மையான குச்சியால் முதலில் ஒரு துளையிட்டு, பிறகு சுள்ளியை முக்கால் ஆழம்வரை நேராக அழுத்துங்கள். அடிப்பக்கம் வெளியே வந்துவிட்டால் அவ்வழியே சாறு கசியும். மருந்து தெளிக்காத ஆப்பிள் மரத்தின் சுள்ளிகளே மிகவும் பொருத்தமானவை. அவற்றைக் கழுவி, கொதிநீரில் சில நிமிடம் போட்டெடுத்து, நன்றாகக் காய வையுங்கள். எந்த மரத்தின் சுள்ளி என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அதைத் தொடவே வேண்டாம். அமெரிக்காவின் வெப்பமான மாநிலங்களில் அரளி அழகுச் செடியாகப் பரவலாக வளர்க்கப்படுகிறது. அதன் தண்டும் இலையும் நஞ்சு. ஐயமிருந்தால் கடையில் விற்கும் தடித்த மரக்குச்சியே போதும்.

பாகு காய்ச்சுதல்

அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன் தெர்மாமீட்டரைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்களில் அது 212 டிகிரி ஃபாரன்ஹீட் (100 செல்சியஸ்) காட்ட வேண்டும். நான்கு டிகிரி கூடவோ குறையவோ காட்டினால், அந்த வித்தியாசத்தை இறுதிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதோடு, பக்கத்தில் ஒரு பெரிய கிண்ணத்தில் குளிர்ந்த நீரும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 300 டிகிரிப் பாகு கையில் பட்டால் வெந்நீர் போல வழிந்து போகாமல் ஒட்டிக்கொண்டு சுடும். உடனே கையை நீருக்குள் விட வேண்டும். சிறு குழந்தைகளை இந்த நேரத்தில் அடுப்படியில் நிற்க விடாதீர்கள்.

சர்க்கரை, கார்ன் சிரப், தண்ணீர் மூன்றையும் பாத்திரத்தில் இட்டு, மிதமான தீயில் சர்க்கரை முழுதும் கரையும்வரை மட்டும் கிளறுங்கள். கொதி வந்த பிறகு கரண்டியைப் போடவே கூடாது. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஒரு சர்க்கரைத் துகள் பாகுக்குள் விழுந்தாலும், அதைப் பற்றிக்கொண்டு மற்றவையும் படிகமாகி, பாகு முழுவதும் பூத்து மணல் மணலாகிவிடக்கூடும். கார்ன் சிரப்பில் உள்ள குளுக்கோஸ் அந்தப் படிகங்கள் சேரவிடாமல் தடுக்கிறது. பாகில் எலுமிச்சைச் சாறு பிழிவதும் இதே காரணத்துக்காகத்தான். ஈரத் தூரிகையால் ஓரங்களை ஒருமுறை துடைத்துவிடுவதும் நல்லது.

260 டிகிரியை (127 செல்சியஸ்) எட்டியதும் கறுப்பு நிறத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பாகு சீறிப் பொங்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கிளறத் தேவையில்லை, கொதியே கலக்கிவிடும். நிறம் போதுமா என்று கண்ணால் முடிவு செய்யாமல், வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். ஊதாவாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் இன்னும் சிறிது சேர்க்கலாம். இறுதிக் கட்டத்தில் வெப்பம் கிடுகிடுவென ஏறும், ஆகவே அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள். 300 முதல் 305 டிகிரிக்குள் (149–152 செல்சியஸ்) வந்ததும் அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள். இந்நிலையில் பாகில் ஏறக்குறைய ஒரு விழுக்காடு நீரே மிஞ்சியிருக்கும், அதனால்தான் ஆறியதும் கண்ணாடியாக உடைகிறது. 290க்குக் கீழே இறக்கினால் பல்லில் பசையாக ஒட்டும். 320ஐத் தாண்டினால் சர்க்கரை கருகத் தொடங்கும், கறுப்பு நிறத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் நாக்குக்குக் கசப்பாகவே தெரியவரும். பட்டை எண்ணெயைச் சேர்ப்பதானால் கொதி அடங்கிய பின் சேருங்கள். ஆவி கண்ணைக் கரிக்கும்.

முக்கி எடுத்தல்

பாத்திரத்தைச் சாய்த்து, சுள்ளியைப் பிடித்து ஆப்பிளை ஒரே சுழற்சியில் முக்கி எடுங்கள். மிஞ்சிய பாகு வழியும்வரை பாத்திரத்தின் மேலேயே சில விநாடி சுழற்றிக்கொண்டிருந்து, அடிப்பகுதியை விளிம்பில் லேசாக இழுத்துவிட்டு, விரிப்பின் மீது நிறுத்துங்கள். எட்டு ஆப்பிள்களையும் முடிக்கச் சில நிமிடங்களே கிடைக்கும். இடையில் பாகு இறுகினால் மிகக் குறைந்த தீயில் மீண்டும் இளக்கலாம்.

பயமூட்டும் தோற்றத்துக்கு இரண்டு வழிகள் எனக்குப் பிடித்தவை. அரைப் பங்கு அளவில் சிவப்புப் பாகு தனியாகக் காய்ச்சி, கறுப்பு ஓடு ஆறியதும் சுள்ளியின் அடியிலிருந்து ஒரு கரண்டி ஊற்றினால், அது கோடுகளாக வழிந்து அப்படியே உறைந்துவிடும். மற்றொன்று, உலர்ந்த தூரிகையால் வெள்ளி நிற உணவுப் பொடியை ஒரு பக்கம் மட்டும் தடவுவது. பழம் கன்றிப்போனது போன்ற மினுமினுப்பு வரும். அந்தப் பொடியின் பெட்டியில் உண்ணத் தகுந்தது என்றும், அதில் சேர்ந்தவற்றின் பட்டியலும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். நஞ்சற்றது என்று மட்டும் எழுதியிருந்தால் அது அலங்காரத்துக்கானது, வாய்க்கானதல்ல.

எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்?

செய்த அன்றே உண்டுவிடுங்கள். சுள்ளித் துளையின் வழியே கசியும் சாறு உள்ளிருந்தே மேலோட்டைக் கரைக்கும். காற்றின் ஈரம் வெளியிலிருந்து பிசுபிசுக்க வைக்கும். 2014இன் இறுதியில் அமெரிக்காவில் கேரமல் ஆப்பிள்களால் லிஸ்டீரியா என்னும் பாக்டீரியாத் தொற்று பரவி 35 பேர் பாதிக்கப்பட்டார்கள், அவர்களில் 7 பேர் இறந்தார்கள். குச்சி குத்திய இடத்தில் கசிந்த சாறு, பழத்துக்கும் பூச்சுக்கும் இடையில் கிருமி பெருக இடம் தந்தது என்று பின்னர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆகவே வீட்டுத் தயாரிப்பை நாள்கணக்கில் மேசையில் வைத்திருக்க வேண்டாம். ஹாலோவீன் இரவில் மிட்டாய் கேட்டுக் கதவைத் தட்டும் அறிமுகமில்லாத குழந்தைகளுக்கும் இதைக் கொடுக்காதீர்கள். உறையில்லாத வீட்டுத் தின்பண்டத்தைப் பெற்றோர் பெரும்பாலும் குப்பையில்தான் போடுவார்கள். உங்கள் வீட்டு விருந்துக்கு வருபவர்களுக்கே இது ஏற்றது. சிறு குழந்தைகளுக்கு முழுதாகக் கொடுக்காமல், கனத்த கத்தியால் துண்டாக்கி, கூரான ஓட்டுச் சில்லுகளை நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

பாத்திரத்தில் உறைந்த மிச்சத்தைச் சுரண்ட முயலாதீர்கள். தண்ணீர் ஊற்றி ஒரு கொதி விட்டால் பத்து நிமிடத்தில் தானாகவே கரைந்துவிடும்.