கோல்ஃப் மட்டையோடு மலையேறும் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமவெளியில் கோல்ஃப் ஆடுபவருக்கு வீட்டில் பெரிய தகராறு வருவதில்லை. சென்னையிலோ கோவையிலோ விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் ஆடி முடித்து, மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு உட்காரும் நேரத்தில் வந்து சேர்ந்துவிடலாம். அந்தப் பொழுதை வேறு யாரும் கேட்பதில்லை. இதே கணக்கை அப்படியே ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் எடுத்துக்கொண்டு போவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைப்பவை.

மே மாதத்து மலையில் காலைதான் எல்லாருக்கும் வேண்டும். பத்து, பதினொன்று மணி வரை வானம் தெளிவாக இருக்கும். பிறகு பள்ளத்தாக்கிலிருந்து மேகம் மேலேறத் தொடங்கும். பல நாட்களில் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குள் கோடை மழை இடியோடு இறங்கிவிடும். கோக்கர்ஸ் வாக்கில் நின்றால் கீழே ஊர் தெரிவதும், 2,637 மீட்டர் உயரத்துத் தொட்டபெட்டாவில் ஏறினால் நான்கு பக்கமும் மலை மடிப்புகள் தெரிவதும் பெரும்பாலும் காலையில்தான். ஆட்டக்காரருக்கு வேண்டியதும் அதே நேரம். 18 ஹோல், அதாவது பதினெட்டுக் குழிகளிலும் பந்தைப் போட்டு முடிக்கும் முழு ஆட்டத்தை நடந்து ஆட, ஏற்ற இறக்கமான மலை மைதானத்தில் நாலரை மணி நேரமாவது ஆகும். போக வர, ஆடி முடித்து ஒரு டீ என்று சேர்த்தால் காலை முழுவதும் போயிற்று. அவர் திரும்பி வந்து குளித்து, சாப்பிட்டு, "வாங்க, சுத்திப் பாக்கலாம்" என்று வண்டியை எடுக்கும்போது தூண் பாறை பனிமூட்டத்துக்குள் மறைந்திருக்கும். மூன்று நாள் பயணத்தில் இரண்டு காலை இப்படிப் போனால், பிள்ளைகள் பார்த்த கொடைக்கானல் வெறும் வெள்ளைத் திரைதான்.

ஆகவே மூன்று, நான்கு நாள் பயணத்துக்கு ஒரு காலை, 9 ஹோல். அவ்வளவுதான் நியாயம் என்பது என் கட்சி. முதல் ஆளாக ஆறரைக்கு டீயில் (முதல் அடி அடிக்கும் இடத்தில்) நின்றால் ஒன்பது மணிக்குள் 9 ஹோல் முடிந்துவிடும். பிள்ளைகள் போர்வையிலிருந்து எழுந்து பல் தேய்க்கும் நேரம் அது. முழு ஆட்டம் ஆடாவிட்டால் ஆடியதாகவே ஆகாது என்று நினைப்பவர்கள், ஆட்டக்காரரின் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் கணக்குக்கு 9 ஹோல் ஸ்கோரையும் உலகம் முழுக்க ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை நினைவில் வைக்கலாம்.

எந்த நாள் காலை என்பதிலும் தவறு நடக்கிறது. போய்ச் சேர்ந்த மறுநாள் காலையே ஆடக் கிளம்புவார்கள். இரவெல்லாம் வண்டி ஓட்டி, கொண்டை ஊசி வளைவுகளில் பின் சீட்டுப் பிள்ளை வாந்தி எடுத்து, 2,000 மீட்டருக்கு மேல் முதல் இரவு சரியாகத் தூங்காத குடும்பத்தை விடுதியில் விட்டுவிட்டு ஒருவர் மட்டும் மட்டையோடு போவது பார்க்கவே நன்றாக இருக்காது. அவருக்கே அன்று மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும். கடைசி நாள் அதைவிட மோசம். அறையைக் காலி செய்ய வேண்டும், மூட்டை கட்ட வேண்டும், கூட்டம் கூடுவதற்குள் மலை இறங்க வேண்டும். கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழிப் பாதையாக விடுவது வழக்கம். இறங்கும் நாளில் ஒரு மணி நேரத் தாமதம் வழியில் மூன்று மணி நேரமாகிவிடும். நடுநாள்தான் சரி. சனி, ஞாயிறு தவிர்த்த நடுநாள் என்றால் இன்னும் நல்லது.

"அப்போ சாயங்காலம் ஆடிக்கிறேன்" என்று விட்டுக்கொடுப்பவர்களும் உண்டு. பெருந்தன்மைதான், ஆனால் ஆபத்து. மே மாதப் பிற்பகல் மலையில் இடி மின்னலுக்கான நேரம். திறந்த மேட்டில், கையில் உலோக மட்டையோடு நிற்பவர்தான் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பொருள். மின்னல் அபாயம் என்று தோன்றினால் யாரும் சொல்லாமலே ஆட்டத்தை நிறுத்திக்கொள்ள கோல்ஃப் விதி ஆட்டக்காரருக்கு உரிமை தருகிறது. இடிச் சத்தம் கேட்டவுடன் கட்டடத்துக்கோ மூடிய காருக்கோ போய்விட வேண்டும். தனி மரத்தடியிலோ குடையை விரித்துக்கொண்டோ நிற்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். இரண்டு ஹோல்தான் பாக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை.

எங்கே ஆடுவது?

இதில் குழப்பம் அதிகம். ஊட்டியில் 'கிளப்' என்று கேட்டால் ஆட்டோக்காரர் எந்த வாசலில் வேண்டுமானாலும் இறக்கிவிடலாம். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்னூக்கர் விளையாட்டின் விதிகளுக்கு வடிவம் கொடுத்த பெருமைக்குரிய ஊட்டகமண்ட் கிளப் ஒன்று. கோல்ஃப் மைதானம் இருப்பது ஊட்டகமண்ட் ஜிம்கானா கிளப்பில். அது கூடலூர் சாலையில், ஃபிங்கர்போஸ்ட் தாண்டி வென்லாக் டவுன்ஸ் புல்மேடுகள் தொடங்கும் பக்கம் இருக்கிறது. போதாக்குறைக்குக் குன்னூரை ஒட்டி வெலிங்டன் ஜிம்கானா வேறு. அது ராணுவக் குடியிருப்புப் பகுதி என்பதால் முன்னனுமதி இல்லாமல் போய் நிற்பதில் அர்த்தமில்லை. கொடைக்கானலில் இந்தக் குழப்பம் இல்லை. 1895-ல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப் ஒன்றுதான், 18 ஹோல்.

போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று போவது தவறு. இவையெல்லாம் உறுப்பினர்களுக்கான கிளப்புகள். வெளியாட்களை எந்த நாளில், என்ன கட்டணத்தில், யாருடைய பரிந்துரையோடு விடுவார்கள் என்பது கிளப்புக்குக் கிளப், ஆண்டுக்கு ஆண்டு மாறும். உங்கள் ஊர் கிளப்போடு பரஸ்பர ஒப்பந்தம் இருக்கிறதா என்று உங்கள் செயலரிடமே முதலில் கேளுங்கள். பிறகு மலைக்குப் போன் போட்டு அந்த வாரத்தில் போட்டி ஏதும் இருக்கிறதா, மட்டை வாடகைக்குக் கிடைக்குமா, மட்டைப் பையைச் சுமந்து வழி சொல்லும் கேடி கிடைப்பாரா, பிள்ளைகளை எது வரை அனுமதிப்பார்கள் என்று விசாரித்துவிட்டு, அதன் பிறகு விடுதியை உறுதி செய்யுங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். காலர் இல்லாத டீ-ஷர்ட்டும் ஜீன்ஸும் போட்டுக்கொண்டு போய் வாசலில் சங்கடப்படுவது தனிக்கதை.

மைதானம் எங்கே இருக்கிறது என்பதைக் குடும்பத்தின் கண்ணால் பார்க்காமல் விடுவதும் தவறுதான். கொடைக்கானல் மைதானம் கிரீன் வேலி வியூவை ஒட்டி இருக்கிறது. தூண் பாறை, குணா குகை, பைன் காடு எல்லாம் அதே பக்கம். பத்து மணிக்கு மேல் அந்தச் சாலையில் சுற்றுலா வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நகரவே நகராது. ஆடுபவர் பதினொன்றுக்கு முடித்து ஏரிப் பக்கம் திரும்பி, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மறுபடி அதே சாலையில் தூண் பாறைக்கு வருவதாகத் திட்டம் போட்டால் அந்த நாள் வண்டிக்குள்ளேயே முடியும். ஒன்பதுக்கு அவர் ஆடி முடிக்க, குடும்பம் வாடகை வண்டியில் நேரே அங்கே வந்து சேர்ந்தால், கூட்டம் திரளுவதற்குள் அந்தப் பக்கம் முழுவதையும் சேர்ந்தே பார்த்துவிடலாம். ஊட்டியிலும் இதே கதைதான். ஷூட்டிங் மட்டமும் பைக்காரா படகுத்துறையும் ஜிம்கானாவைத் தாண்டிப் போகும் அதே கூடலூர் சாலையில் இருக்கின்றன. அன்றைக்குத் தாவரவியல் பூங்கா பக்கம் திட்டம் வைக்காமல் பைக்காரா வைத்தால் வழி ஒன்றாகிவிடும்.

இன்னொரு வழி, பிரிந்தே இருப்பது. ஆட்டக்காரர் ஆடட்டும், மற்றவர்கள் ஊட்டியிலிருந்து குன்னூருக்கு மலை ரயிலில் போகட்டும். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும் பயணம். முன்பதிவு இல்லாமல் சீசனில் இடம் கிடைப்பது அரிது என்பதால் இதையும் வீட்டிலிருந்தே முடித்துக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டில் கார் யாரிடம் இருக்கும் என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். கார் மைதானத்தில் நிற்க, குடும்பம் விடுதியில் அடைபட்டுக் கிடப்பதைவிடக் கோபத்தைக் கிளப்பும் விஷயம் வேறில்லை.

வண்டியும் மூட்டையும்

2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் உச்சவரம்பும் வந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. டீ டைம், அதாவது ஆடத் தொடங்கும் நேரம் வாங்கிவிட்டு இ-பாஸை மறப்பவர்கள் சோதனைச் சாவடியில் வரிசையில் நிற்கிறார்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் மலையில் தடை உண்டு. மட்டை பேக்கின் பக்கப் பையில் ஸ்டீல் பாட்டிலை வைத்துக்கொள்ளுங்கள்.

பேக் என்றதும் டிக்கி நினைவுக்கு வர வேண்டும். முழு செட் படுத்தால் நடுத்தரக் காரின் டிக்கியில் பாதி போயிற்று. அப்புறம் மாமியாரின் பை பிள்ளைகளின் காலடிக்கு வரும். விதி அதிகபட்சம் 14 மட்டை என்றுதான் சொல்கிறது; 14 வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு ஹைப்ரிட், மூன்று நான்கு அயர்ன், ஒரு வெட்ஜ், பந்தைக் குழிக்கு உருட்டும் பட்டர் என்று ஏழெட்டு மட்டையைச் சிறு பையில் போட்டால் 9 ஹோலுக்குத் தாராளம். நெடுந்தூர அடிக்கான டிரைவர் மட்டையை வீட்டிலேயே விட்டுவிடலாம் என்பேன். குறுகலான மலை ஃபேர்வேயில் (குழியை நோக்கிப் போகும் வெட்டிய புல்வெளியில்) அதனால் தொலையும் பந்துதான் அதிகம்.

மலையில் பந்து சமவெளிக் கணக்குக்குப் படியாது. காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் இழுவை குறைந்து பந்து கூடுதல் தூரம் போகும். 2,200 மீட்டர் உயரத்தில் இது சுமார் 8 சதவீதம். 150 கஜம் போகும் மட்டையில் 160-ஐத் தாண்டும். காலைக் குளிர் அதில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் பள்ளத்தைப் பார்த்து அடிக்கிறோமா, மேட்டைப் பார்த்தா என்ற கணக்கு வேறு. தூரம் காட்டும் கருவியை நம்புவதைவிட உள்ளூர்க் கேடியின் பேச்சைக் கேட்பது லாபம். அவர் "அண்ணே, ஒண்ணு கம்மியா எடுங்க" என்றால், ஒரு படி குறைந்த தூரத்துக்கான மட்டையை எடுத்துவிடுங்கள். அதிகாலைப் பனியில் புல் ஈரமாக இருக்கும், குழியைச் சுற்றியுள்ள கிரீனில் பந்து மெதுவாக ஓடும். மாற்றுக் காலுறை ஒன்று பையில் இருக்கட்டும். குளிர்கிறதே என்று தொப்பியும் சன்ஸ்கிரீனும் இல்லாமல் போகாதீர்கள். 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. மறுநாள் கழுத்து எரியும்போதுதான் தெரியும்.

காட்டெருமை

கொடைக்கானல் மைதானத்தில் காட்டெருமை மேய்வது புதிதல்ல. வெலிங்டன், குன்னூர் பக்கமும் தேயிலைத் தோட்டத்திலிருந்து சாலைக்கு இறங்கும். சாதுவாகத் தலை குனிந்து புல் மேய்வதைப் பார்த்து, செல்ஃபி எடுக்கப் பக்கத்தில் போவதும், பிள்ளையைக் கூட்டிப்போய்க் காட்டுவதும் உயிரோடு விளையாடுவது. ஒரு டன் எடைக்கு வளரும் விலங்கு அது. கன்றோடு இருந்தால் எச்சரிக்கையே இல்லாமல் பாயும். அது ஃபேர்வேயில் நின்றால் காத்திருங்கள், நகரவில்லையா, அந்த ஹோலை விட்டுவிடுங்கள். பந்து சோலைக்குள் போனால் போனதுதான். விதி தேடுவதற்குத் தருவதே மூன்று நிமிடம். அதையும் புதருக்கு வெளியே நின்று தேடுங்கள். மழை பிடித்த பிறகு உள்ளே அட்டையும் இருக்கும். கிரீனில் பதிந்த குளம்புத் தடத்தை 2019 விதிகளின்படி சரிசெய்துவிட்டு பட் செய்யலாம். ஃபேர்வேயில் பதிந்த தடத்துக்கு அந்தச் சலுகை கிடையாது, கிடந்த இடத்திலிருந்தே அடிக்க வேண்டும்.

வீட்டாரோடு

மட்டை பிடித்தறியாத குடும்பத்தை, "சும்மா கூட நடந்து வாங்க, காத்து நல்லா இருக்கும்" என்று 9 ஹோலுக்கும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். மூன்றாவது ஹோலில் சின்னவனுக்குப் பசிக்கும், பெரியவளுக்குக் கால் வலிக்கும். பின்னால் ஆடி வருபவர்கள் காத்து நிற்பார்கள். பிள்ளைகளுக்கு ஆசை இருந்தால் ஆட்டம் முடிந்த பிறகு, கிளப் அனுமதித்தால், பயிற்சி கிரீனில் ஒரு பட்டரையும் நான்கு பந்தையும் கொடுத்து அரை மணி நேரம் விடுங்கள். அதில் கிடைக்கும் சிரிப்பு, நடந்து வருவதில் கிடைக்காது.

ஆடுபவர் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அம்மா ஆடி, அப்பா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளும் இருக்கின்றன. யார் ஆடினாலும் மற்றவருக்கும் அதே அளவு நேரம் எழுதிவைக்கப்பட வேண்டும். ஒருவருக்கு 9 ஹோல் என்றால், இன்னொருவருக்கு ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் தனியாக நடக்கவோ, கடைத்தெருவில் யாரும் அவசரப்படுத்தாமல் யூகலிப்டஸ் தைலமும் சாக்லேட்டும் வாங்கவோ ஒரு பொழுது. இதை மலைக்கு வந்த பிறகு பேரம் பேசினால் சண்டை. டிக்கெட் எடுக்கும்போதே பேசினால் ஏற்பாடு.

கடைசியாக, "சீக்கிரம் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். மணி சொல்லுங்கள். ஒன்பதரை என்றால் ஒன்பதரை. கூட ஆடியவர்கள் இன்னும் 9 ஹோல் என்று கூப்பிடுவார்கள், கிளப் வராந்தாவில் ஆம்லெட் சொல்லிவிட்டேன் என்பார்கள். மைதானத்தின் சில மூலைகளில் சிக்னலும் கிடைக்காது என்பதால் நேரமாகும் என்று போனில் சொல்லிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். எட்டாவது ஹோலிலேயே மணி ஒன்பதாகிவிட்டதென்றால் ஒன்பதாவதை ஆடாமல் கேடிக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.